பின்னாடி மாட்டின டர்போல ஆயில் ஏன் லீக் ஆகுது, எதைப் பார்க்கணும்?

டர்போன்னா இன்ஜின் புகையோட வேகத்துல சுத்தி, இன்ஜினுக்குள்ள கூடுதல் காத்தைத் தள்ளுற விசிறி. ரியர் மவுண்ட் டர்போன்னா, அதை இன்ஜின் பக்கத்துல இல்லாம வண்டிக்கு அடியில பின்னாடி, சைலன்சர் இருக்கிற இடத்துல மாட்டுறது. சாதாரண டர்போல ஆயில் பேரிங்கை நனைச்சிட்டு தானா ஆயில் சம்ப்புக்கு (இன்ஜின் அடியில இருக்கிற ஆயில் தொட்டி) வடிஞ்சிடும், இங்க டர்போ தாழ இருக்கிறதால ஒரு குட்டி பம்ப்தான் அதை இழுத்து முன்னாடி அனுப்பணும். அப்பார்ட்மென்ட் பேஸ்மென்ட்ல தேங்குற மழைத்தண்ணிய மோட்டார் போட்டு வெளிய தள்ளுறோம்ல, அதே மாதிரிதான், மோட்டார் நின்னா தண்ணி ஏறிடும். பம்ப் வீக்கானா ஆயில் தேங்கி சீல் தாண்டி சைலன்சர் பைப்ல இறங்கி நீலப் புகையா வரும். காலைல முதல் ஸ்டார்ட்ல மட்டும் புகைன்னா, ராத்திரி டர்போக்கு ஆயில் வர்ற லைன்ல இருந்த ஆயில் உள்ள இறங்கியிருக்கும், வண்டி நின்னதும் அந்த ஆயிலைத் தடுத்து நிறுத்துற செக் வால்வைப் பாருங்க.

புகைஞ்சாலே டர்போ போச்சுன்னு மாத்திடாதீங்க, உள்ள இருக்கிறது ரப்பர் சீல் இல்ல, பிஸ்டன் ரிங் மாதிரி ஒரு உலோக வளையம், ஆயில் தேங்கினா புது டர்போவும் ஒழுகத்தான் செய்யும்.