பறப்பது ஓரிடம், மைல்கள் வேறிடம்

கேள்வி: ஒரு விமான நிறுவனத்தின் மைல் திட்டத்தில் உறுப்பினர் நான். அதன் கூட்டாளி நிறுவனத்தின் விமானத்தில் சென்று வந்தேன். மைல்கள், அதாவது பறப்பதற்குச் சேர்ந்து பின்னர் இருக்கையாக மாற்றிக்கொள்ளும் புள்ளிகள், ஏறவில்லை. பறந்த விமான நிறுவனத்தைக் கேட்டால் "எங்களுக்குத் தெரியாது" என்கிறார்கள். இது நியாயமா?

கோபம் புரிகிறது, ஆனால் நீங்கள் கேட்ட இடம்தான் சரியில்லை. நீங்கள் பறந்தது கூட்டாளி நிறுவனத்தின் விமானத்தில். உறுப்பினர் எண்ணோ வேறொரு நிறுவனத்தின் திட்டத்துக்குரியது. விடுபட்ட மைல்களை அந்தத் திட்டத்திடம்தான் கோர வேண்டும். போர்டிங் பாஸ், டிக்கெட் எண் இரண்டையும் மைல்கள் ஏறும்வரை தூக்கி எறியாதீர்கள். கோருவதற்குக் கெடு உண்டு. தாமதம், தொலைந்த பெட்டி ஆகியவற்றுக்கு மட்டும் விமான நிறுவனத்திடம் போங்கள்.

கேள்வி: விமானத்தில் இடம் காலியாக இருக்கிறது. மைல்களுக்குத் தர மறுக்கிறார்களே?

காலி இருக்கை விமான நிறுவனத்தின் சரக்கு. அதில் எத்தனையை மைல்களுக்கு ஒதுக்குவது என்பதை அதுவே முடிவு செய்கிறது. கூட்டாளியின் திட்டம் உங்களுக்கு இருக்கை தரும்போது, அதற்கான தொகையை விமான நிறுவனத்துக்குக் கொடுக்கிறது. பணத்துக்கு விற்றுவிடலாம் என்று தோன்றும் இருக்கையை அந்தத் தொகைக்கு எளிதில் விடமாட்டார்கள்.

கேள்வி: மைல்களால் நிறுவனத்துக்கு என்ன லாபம்?

பெரிய லாபம். வங்கிகள் தங்கள் கிரெடிட் கார்டு வாடிக்கையாளர்களுக்குத் தருவதற்காக மைல்களை மொத்தமாக விலைக்கு வாங்குகின்றன. 2020இல் விமானங்கள் தரையில் நின்றபோது, அமெரிக்க விமான நிறுவனமான டெல்டா தன் ஸ்கைமைல்ஸ் திட்டத்தைப் பிணையாக வைத்து 900 கோடி டாலர் திரட்டியது; இன்னொரு அமெரிக்க நிறுவனமான யுனைடெட் தன் மைலேஜ்பிளஸ் திட்டத்தை வைத்து 680 கோடி டாலர் திரட்டியது. பயணிகள் வராத காலத்திலும் கடன் கொடுத்தவர்கள் மைல்களை நம்பினார்கள்! இந்த வணிகத்தைப் புரிந்துகொள்ள நான் முதலில் காட்டும் சான்று இதுதான்.

கேள்வி: நிறுவனம் மூழ்கினால் மைல்கள்?

திட்டம் யார் கையில் இருக்கிறது, அதன் வருமானம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரலில் பறப்பதை நிறுத்தியது. தனி நிறுவனமாக இருந்த அதன் மைல் திட்டம் ஜெட்பிரிவிலேஜ் பிழைத்து, அதே ஆண்டு இன்டர்மைல்ஸ் என்று பெயர் மாற்றிக்கொண்டது. ஆனால் 2017இல் ஜெர்மனியின் ஏர் பெர்லின் விமான நிறுவனம் திவாலானபோது, அதன் டாப்போனஸ் திட்டமும் தனி நிறுவனமாகவே இருந்தும் சில நாட்களில் திவாலானது. தனி நிறுவனம் என்பதே காப்பு ஆகிவிடாது.

கேள்வி: பத்தாண்டுகளாகச் சேர்த்து வைத்திருக்கிறேன். இன்னும் காத்திருக்கலாமா?

வேண்டாம். ஒரு இருக்கைக்கு எத்தனை மைல்கள் என்பதைத் திட்டம் எப்போது வேண்டுமானாலும் உயர்த்தலாம். நீங்கள் ஒப்புக்கொண்ட விதிகளிலேயே அது இருக்கிறது. மைல்களுக்கு வட்டியும் கிடையாது. இந்த ஆண்டே பயணத்தைத் திட்டமிடுங்கள்.