மின்குறிப்புக்கு இசையும் எண்ணெய் ஓட்டம்

கேள்வி: எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் ஹைட்ராலிக் இயந்திரங்களில் உள்ள சர்வோ-புரொபோர்ஷனல் வால்வு, சாதாரண சோலனாய்டு (மின்காந்தச் சுருள்) வால்விலிருந்து எவ்வாறு வேறுபடுகிறது?

பதில்: சாதாரண சோலனாய்டு வால்வு முழுமையாகத் திறக்கும் அல்லது முழுமையாக மூடும், இடைநிலை அதற்குக் கிடையாது. சர்வோ-புரொபோர்ஷனல் வால்வோ, வரும் மின்குறிப்பின் அளவுக்கேற்பத் திறந்து, எண்ணெய் செல்லும் திசையையும் அளவையும் ஒருசேரக் கட்டுப்படுத்துகிறது. கட்டளை 4 முதல் 20 மில்லியாம்பியர் வரை என்று கொண்டால், 12 என்பது நடுநிலை; அதற்கு மேலே போனால் சிலிண்டர் ஒரு பக்கமும், கீழே வந்தால் மறுபக்கமும் நகரும்.

இதன் உயிர்நாடி பின்னூட்டம்தான். உள்ளே ஸ்பூல் எனப்படும் உருளைத்தண்டு சோலனாய்டின் விசையால் நகரும்போது, அதனுடன் இணைந்த எல்விடிடி என்ற உணரி அதன் இருப்பிடத்தை இடைவிடாமல் தெரிவிக்க, மின்னணுப் பலகை அதைக் கட்டளையோடு ஒப்பிட்டு, வேறுபாடு மறையும்வரை சோலனாய்டின் மின்னோட்டத்தைத் திருத்திக்கொண்டே இருக்கிறது. உராய்வும் எண்ணெயின் உந்துதலும் ஸ்பூலைத் திசைதிருப்ப முயன்றாலும் அது தன் இடத்தில் நிற்பது இதனால்தான்.

இன்னொரு நுட்பம் ஸ்பூலின் விளிம்பில் இருக்கிறது. எளிய புரொபோர்ஷனல் வால்வுகளில் அவ்விளிம்பு துளையைச் சற்றே தாண்டி மூடியிருப்பதால், சிறிய கட்டளைகளுக்கு எண்ணெய் நகராது. இங்கோ ஸ்பூலின் விளிம்பும் துளையின் விளிம்பும் நடுநிலையில் நேருக்கு நேர் பொருந்துவதால், மிகச் சிறிய அசைவுக்கும் ஓட்டம் தொடங்கிவிடும். துல்லியமான நிலைக்கட்டுப்பாட்டுக்கு இது இன்றியமையாதது.

ஸ்பூலைச் சுற்றியுள்ள இடைவெளி சில மைக்ரான் (மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்கு) மட்டுமே; நுண்ணிய தூசும் அதைச் சிக்கவைத்துவிடும். ஆகவே, வால்வு தடுமாறினால் அதைக் கழற்றும் முன் எண்ணெயின் தூய்மையையும் வடிகட்டியையும் சோதித்துவிடுங்கள்.