புதிய ஜெட் படகை அமரத்திலிருந்து பார்க்கத் தொடங்குங்கள்

கேள்வி: டெக்சாஸ் மாநிலம் ஆஸ்டினில் குடும்பத்துடன் வசிக்கிறோம். ட்ராவிஸ் ஏரியில் ஓட்டுவதற்காக 24 அடி நீளமும் இரட்டை எஞ்சினும் உள்ள புதிய ஜெட் படகு ஒன்றை வாங்க எண்ணியிருக்கிறோம். பத்து வயதுக்குட்பட்ட இரு பிள்ளைகளும், கோடையில் ஊரிலிருந்து வந்து தங்கும் என் பெற்றோரும் உடன் வருவார்கள். ஏற்கெனவே ஜெட் படகு வைத்திருக்கும் நண்பர்கள் ஆளுக்கொரு குறை சொல்கிறார்கள். மெதுவாகப் போகும்போது நேராகப் போவதில்லை, நீர்ச்செடி அடைத்துக்கொள்கிறது, இரைச்சல் தாங்கவில்லை, எஞ்சின் அறைக்குள் கை நுழைவதில்லை என்கிறார்கள். இவற்றில் எவை வடிவமைப்பிலேயே சரிசெய்யப்பட்டிருக்க வேண்டும், எவற்றைப் பின்னால் சேர்த்துக்கொள்ளலாம், எவற்றோடு பழகிக்கொள்ள வேண்டும்?

பதில்: நண்பர்கள் சொன்ன நான்கும் உண்மையான குறைகளே. இருபது ஆண்டுகளாகப் படகு எஞ்சின்களைப் பழுதுபார்ப்பதும், வாங்குவோர் சார்பில் படகுகளைச் சோதித்துத் தருவதும் என் தொழில். அந்த அனுபவத்தில் முதலிலேயே என் முடிவைச் சொல்லிவிடுகிறேன். குறைந்த வேகத்தில் படகு சொன்னபடி கேட்பதும், பம்பையும் எஞ்சினையும் கை எளிதாக எட்டுவதும் தொழிற்சாலையிலிருந்தே வர வேண்டியவை. இரைச்சலின் ஒரு பகுதி இந்த உந்துமுறையோடு கூடப்பிறந்தது என்பதால் அதோடு ஓரளவு பழகித்தான் ஆக வேண்டும். இழுகயிறு கட்டும் கோபுரம், ஒலிபெருக்கி, விளக்கு அலங்காரம் ஆகியவற்றை எப்போது வேண்டுமானாலும் சேர்த்துக்கொள்ளலாம். விற்பனைக் கூடத்தில் இந்த வரிசை தலைகீழாகக் காட்டப்படுவதுதான் எனக்கு வருத்தம்.

காரணம் புரிய, நீரை உள்ளிழுத்துப் பின்னால் பீய்ச்சி ஓடும் ஜெட் படகு எதற்காகப் பிறந்தது என்பதை நினைவில் கொள்ள வேண்டும். நியூசிலாந்தின் தென்தீவில் பல கிளைகளாகப் பிரிந்து சரளைக்கற்கள் மீது ஓடும் ஆழமற்ற ஆறுகளில் செல்வதற்காகவே 1950-களில் பில் ஹாமில்டன் இதனை வளர்த்தெடுத்தார். 1960-இல் அவருடைய படகுகள் கொலராடோ ஆற்றின் கிராண்ட் கேன்யனை நீரோட்டத்துக்கு எதிராக ஏறிக் காட்டின. அடிப்பாகத்துக்குக் கீழே புரொப்பெல்லரோ சுக்கானோ நீட்டிக்கொண்டிராததால்தான் அது முடிந்தது. உங்கள் நண்பர்கள் சொல்லும் முதல் குறையும் அதே காரணத்திலிருந்துதான் பிறக்கிறது. சுக்கான் இல்லாத படகைத் திருப்புவது பின்னால் பீய்ச்சப்படும் நீர்த்தாரை மட்டுமே. த்ராட்டிலைக் குறைத்தால் தாரை மெலிகிறது. தாரை மெலிந்தால் ஸ்டீரிங்கைச் சுற்றுவதில் பயன் குறைகிறது. தட்டையான அடிப்பாகத்துக்கு நீரில் பிடிப்பும் குறைவு என்பதால், படகுத்துறைகளை ஒட்டிய மெதுவேகப் பகுதியில் முன்புறமாகிய அணியம் இடமும் வலமுமாக அலைய, ஓட்டுபவர் அதைத் திருத்தத் திருத்த அலைச்சல் கூடுகிறது.

இதற்கு இன்று மூன்று விதமான தீர்வுகள் உள்ளன. முதலாவது, நீர்த்தாரையின் குழலோடு சேர்ந்து திரும்பும் சிறு துடுப்புத் தகடு. யமஹா தன் படகுகளில் இத்தகைய திரும்பும் தகட்டைத் தந்துவருகிறது, தாரை ஓய்ந்தாலும் அது சிறு சுக்கானைப் போல வேலை செய்யும். இரண்டாவது, இரு எஞ்சின்களின் விசையையும் மின்னணுவில் தனித்தனியே கட்டுப்படுத்தும் முறை. ஸ்டீரிங் சக்கரத்தின் பின்னாலுள்ள சிறு நெம்புகளை விரலால் இழுத்தே முன்னும் பின்னும் நகரும் வசதி சில மாடல்களில் உள்ளது. மூன்றாவது, தாரையை மறித்துத் திருப்பும் 'வாளி' என்ற மூடியைத் துல்லியமாக இயக்குவது. நீர்ஸ்கூட்டர்களில் 2009-இல் பிஆர்பி நிறுவனம் தன் சீ-டூ வரிசையில் இதைப் பிரேக்காகவே கொண்டுவந்தது. பெற்றோரை ஏற்றி இறக்கப்போகும் உங்களுக்கு இம்மூன்றில் முதலாவது கட்டாயம் வேண்டும். இரண்டாவது இருந்தால் காற்றடிக்கும் நாளில் துறையில் அணையும்போது மனம் பதறாது. துடுப்புத் தகட்டைப் பின்னால் தனியாக வாங்கிப் பொருத்த முடியும் என்றாலும், அடிப்பாகத்தின் வடிவத்தோடு சேர்த்து எண்ணி வைக்கப்பட்டதற்கும் திருகாணியால் கோக்கப்பட்டதற்கும் வேறுபாடு தெரியத்தான் செய்கிறது.

பெரும்பாலான ஜெட் படகுகளில் எஞ்சினுக்கும், பம்புக்குள் சுழன்று நீரைத் தள்ளும் விசிறியான இம்பெல்லருக்கும் இடையே கிளட்ச் கிடையாது. நியூட்ரலில் நிற்பதாகத் தோன்றும்போதும் இம்பெல்லர் சுழன்றுகொண்டுதான் இருக்கிறது. பாதி இறங்கிய வாளி தாரையை முன்னும் பின்னுமாகச் சமன் செய்வதால் மட்டுமே படகு நிற்கிறது. வெளியே சுழலும் விசிறி இல்லை என்பதால் ஜெட் படகு முற்றிலும் பாதுகாப்பானது என்று நம்பிவிடாதீர்கள். அடிப்பாகத்தில் நீரை உள்ளிழுக்கும் உறிஞ்சுவாய் நீண்ட தலைமுடியையும் கயிற்றையும் இழுக்கும். தாரைக்கு நேர் பின்னால் நீரில் விழுபவருக்கு அதன் விசை உடலுக்குள் கடும் காயத்தை உண்டாக்கும். பிள்ளைகள் ஏறி இறங்கும் நீச்சல் தளமோ அந்தத் தாரைக்கு மேலேயே அமைந்திருக்கிறது. ஏணி இறக்கப்பட்டிருக்கும்போது எஞ்சின் இயங்கினால் எச்சரிக்கும் அமைப்பு ஒவ்வொரு படகிலும் இருக்க வேண்டும் என்பது என் நெடுநாள் கோரிக்கை. 2021 ஏப்ரல் 1 முதல் அமெரிக்கக் கூட்டாட்சி நீர்நிலைகளில், 26 அடிக்குக் குறைந்த படகுகள் நீர்ப்பரப்பின் மேல் சறுக்கிச் செல்லும் வேகத்தில் போகும்போது, ஓட்டுபவர் எஞ்சின் நிறுத்த விசையின் இணைப்பைத் தம்மோடு பூட்டிக்கொள்ள வேண்டும் என்பது சட்டம். ஆனால் நீச்சல் நேரத்தில் காப்பது உங்கள் வீட்டுக் கட்டுப்பாடு ஒன்றே: யாராவது பின்தளத்துக்கு நடந்தாலே எஞ்சின் நிற்க வேண்டும்.

அடைப்பு என்ற இரண்டாவது குறையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சனிக்கிழமை, வாங்கி ஆறு வாரமே ஆன படகின் உரிமையாளர் ஏரி நடுவிலிருந்து அழைத்தார். மிதவையில் அமர்ந்த பிள்ளையை இழுத்த கயிறு தளர்ந்து, ஒரு பம்ப் அதை உள்ளே இழுத்துவிட்டது. நான் போய்ப் பின்தளத்தின் மூடியைத் திறந்து, பம்பில் சிக்கியதை எடுப்பதற்கான துப்புரவுத் துளையின் அடைப்பானைக் கழற்றி, தோள்வரை கையை விட்டேன். தண்டில் நூற்கண்டு போல இறுகிச் சுற்றியிருந்த கயிற்றை நடுவிரலின் நுனி தொட்டது. பிடிக்க இரண்டு அங்குலம் போதவில்லை. மணிக்கட்டை வளைக்க இடமில்லாததால் கத்தியையும் உள்ளே கொண்டுபோக முடியவில்லை. கடைசியில் படகைக் கரைக்கு இழுத்து, டிரெய்லரில் ஏற்றி, அதன் கீழே மல்லாந்து படுத்து உறிஞ்சுவாய்க் கம்பிகளின் வழியே துண்டு துண்டாக அறுத்தெடுத்தேன். மூன்று மணி நேரம் போயிற்று. துளை இன்னும் ஒரு கையகலம் முன்னால் வைக்கப்பட்டிருந்தால் பத்து நிமிட வேலை. அந்தக் குடும்பத்தின் பிள்ளைகள் அவ்வளவு நேரமும் வெயிலில் கரையில் உட்கார்ந்திருந்தார்கள்.

ஆகவே விற்பனைக் கூடத்தில் இருக்கையில் அமர்வதற்கு முன் பின்புறமாகிய அமரத்துக்குச் செல்லுங்கள். துப்புரவுத் துளையை நீங்களே திறந்து, கையை நுழைத்து, இம்பெல்லர் தண்டை முழுக் கையாலும் பற்ற முடிகிறதா என்று பாருங்கள். உங்களால் முடிந்து உங்கள் மனைவியால் முடியாவிட்டால் அதையும் குறையாகவே கணக்கில் கொள்ளுங்கள். நீங்கள் நீரில் இருக்கும்போது அவரே செய்ய நேரலாம். மூடி திறந்திருந்தால் எஞ்சின் இயங்காதபடி தடுக்கும் விசை உள்ளதா என்று கேளுங்கள். அடைப்பான் சரியாகப் பூட்டப்படாவிட்டால் பம்பின் அழுத்தம் அதைத் தெறிக்கச் செய்துவிடும். சில அமைப்புகளில் அப்படித் தெறித்தால் ஏரிநீர் எஞ்சின் அறைக்குள்ளேயே கொட்டும். பூட்டியதைக் கண்ணாலும் விரலாலும் உறுதிசெய்யக்கூடிய தாழ்ப்பாள், தெறித்தாலும் நீர் வெளியே போகும்படியான தொட்டி, அடியறையில் நீர்மட்டம் உயர்ந்தால் ஒலிக்கும் மணி ஆகிய மூன்றையும் உரிமையாளர்கள் ஆண்டுதோறும் கேட்டுவருவது முழுவதும் நியாயமானது.

ஆஸ்டின் ஏரிகளில் கொடிபோலப் படரும் ஹைட்ரில்லா என்ற நீர்ச்செடி உறிஞ்சுவாயில் சிக்கினால், எஞ்சின் உச்சக் குரலில் கத்தும், படகோ நகராது. இம்பெல்லருக்கும் அதைச் சூழும் வளையத்துக்கும் இடையே இருப்பது அரை மில்லிமீட்டருக்கும் குறைந்த இடைவெளி. ஒரு கூழாங்கல் அந்த விளிம்பைச் சிதைத்தாலும் இதே நிலைதான், வேகம் எடுக்கும்போது வழுக்கல் தெரியும். வறட்சிக் காலத்தில் ட்ராவிஸ் ஏரியின் மட்டம் வெகுவாக இறங்குவதை அறிவீர்கள். மூன்றடிக்குக் குறைந்த நீரில் எஞ்சினை இயக்காதீர்கள். கம்பிகளின் இடைவெளியை நெருக்கமாக வைத்தால் கல் நுழையாது, ஆனால் நீர்வரத்து குறைந்து உந்துவிசை போகும். இந்தப் பேரத்தை எந்த வடிவமைப்பாளராலும் முழுமையாக வெல்ல முடியாது. அவர் தரக்கூடியது சீக்கிரம் திறக்கும் துளையும், வளையத்தைத் தனியாக மாற்றும் வசதியும்தான்.

எஞ்சின் அறையில் கை நுழைவதில்லை என்ற குறைக்கும் இதே சோதனைதான். எண்ணெய் அளவுகோல், ஸ்பார்க் பிளக், பேட்டரி முனைகள், அடியறைப் பம்ப், நீர்க்குழாய்களின் இறுக்கிகள் ஆகிய ஐந்தையும் எந்த இருக்கையையும் கழற்றாமல் தொட முடிய வேண்டும். இரட்டை எஞ்சின் படகில் இரண்டு எஞ்சின்களுக்கும் வெளிப்புறமாக உள்ள பகுதியே சிக்கலான இடம். அங்கே டார்ச் அடித்துப் பாருங்கள்.

இரைச்சல் குறித்துச் சுருக்கமாகச் சொல்கிறேன். இம்பெல்லரின் விட்டம் ஏறத்தாழ 155 முதல் 160 மில்லிமீட்டர்தான். அத்தனை சிறியது போதிய நீரைத் தள்ள, எஞ்சின் முழு வேகத்தில் நிமிடத்துக்கு 7,000-க்கும் மேற்பட்ட சுற்றுகள் சுற்ற வேண்டியுள்ளது. வெளிப்புற எஞ்சின்களில் இருப்பதைப் போலச் சுற்றைக் குறைத்துப் பெரிய விசிறிக்குத் தரும் பற்சக்கரம் இங்கே இல்லை. மூடியின் உட்புறத்தில் தடித்த ஒலித்தடுப்பு மெத்தை, விளிம்பில் இடைவெளியில்லாத ரப்பர் பட்டை, எஞ்சினைத் தாங்கும் நல்ல அதிர்வுத்தாங்கி ஆகியவை அந்தக் கீச்சொலியை மட்டுப்படுத்தும், அகற்றிவிடாது. ஒரே நீளத்தில் இரு மாடல்கள் இருந்தால், பெரிய கொள்ளளவு கொண்ட எஞ்சினுள்ளது அதே பயண வேகத்தைக் குறைந்த சுற்றில் எட்டும் என்பதால் முதியவர்களின் காதுக்கு அதுவே நல்லது.

உங்கள் பெற்றோரைக் கருதி ஒன்றைச் சொல்ல வேண்டும். நீர்மட்டத்தை ஒட்டிய அகலமான பின்தளமே ஜெட் படகின் பெரிய வரம், ஆனால் பல படகுகளில் ஏணி மட்டும் இரண்டு மூன்று படிகளோடு நின்றுவிடுகிறது. நீருக்குள் ஆழமாக இறங்கும் நான்கு படிகளும், ஏறி முடிக்கும் இடத்தில் பற்றிக்கொள்ள உறுதியான கைப்பிடியும் இருக்கட்டும். கோடைவெயிலில் கருநிறத் தளமும் இருக்கையும் வெறுங்கால் வைக்க முடியாதபடி காயும். அழகுக்காக அடர்நிறம் தேர்ந்தெடுக்காதீர்கள். நிழல் ஓட்டுநருக்கு மட்டுமின்றிப் பின் இருக்கைவரை நீள வேண்டும்.

தொடுதிரையைப் பற்றி எனக்கு உறுதியான கருத்து உண்டு. ஈரக் கையாலும் நேர்வெயிலிலும் இயக்க வேண்டிய அடியறைப் பம்ப், காற்றூதி, விளக்கு, ஹார்ன் ஆகியவற்றுக்குத் தனி விசைகள் கட்டாயம் வேண்டும். பெட்ரோல் ஆவியை வெளியேற்ற எஞ்சினைக் கிளப்புமுன் குறைந்தது நான்கு நிமிடம் காற்றூதியை ஓட்ட வேண்டும். அந்த விசையைத் திரையின் மூன்றாம் பக்கத்தில் தேட வைக்கும் படகை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

உங்கள் ஏரிக்கே உரிய தேவை ஒன்று உள்ளது. படகுகளோடு ஏரிக்கு ஏரி பரவும் வரிச்சிப்பிகள் (zebra mussels) ட்ராவிஸ் ஏரியில் 2017-இல் கண்டறியப்பட்டன. படகை வெளியே எடுத்ததும் அதிலுள்ள நீர் முழுவதையும் வடித்துவிட வேண்டும் என்பது டெக்சாஸ் சட்டம். அலை எழுப்புவதற்காக நீர் நிரப்பும் எடைத்தொட்டிகள் கடைசித் துளிவரை வடிவதில்லை. அந்த வசதி உங்களுக்குத் தேவையில்லை என்றால் தவிர்த்துவிடுங்கள். ஏரிநீர் நேராக எஞ்சினுக்குள் ஓடிக் குளிர்விக்கும் அமைப்பா, குளிர்விப்புத் திரவம் தனிச்சுற்றில் ஓடும் அமைப்பா என்றும் கேளுங்கள். சேறும் சிப்பியும் உள்ள நீருக்குப் பின்னதே உகந்தது. கழுவும் குழாயை இணைக்கும் வாய் நின்றபடியே எட்டும் இடத்தில் இருக்கட்டும். பொதுவாக எஞ்சினைக் கிளப்பிய பிறகே குழாய்நீரைத் திறக்க வேண்டும், நீரை மூடிய பிறகே எஞ்சினை நிறுத்த வேண்டும். வரிசை மாறினால் நீர் சிலிண்டருக்குள் ஏறிவிடும் என்பதால், இந்த வரிசையைக் குழாய் வாயின் அருகிலேயே எழுதி ஒட்டியிருக்கும் படகை வடிவமைத்தவர் மேல் எனக்குத் தனி மதிப்பு.

ஆழமானி, கூடுதல் கயிற்றுக் கொம்புகள், மோதுமெத்தைகள், நங்கூரம், இரண்டாம் பேட்டரி ஆகியவற்றைப் பின்னர் சேர்க்கலாம். பேட்டரிக்கான இடமும் கம்பிப்பாதையும் மட்டும் முன்கூட்டியே இருக்கிறதா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள்.

முன்பணம் கொடுக்கும் முன் நீரில் ஓட்டிப் பார்க்க வற்புறுத்துங்கள், முடிந்தால் காற்றுள்ள பிற்பகலில். எஞ்சின் வெறுஞ்சுற்றில் இருக்க, இரு மிதவைகளுக்கிடையே நேராகச் செல்லுங்கள். ஸ்டீரிங்கை எத்தனை முறை திருத்த நேர்கிறது என்று உடன் வருபவர் எண்ணட்டும். பிறகு துறைக்கு இணையாக வந்து ரிவர்ஸில் நிறுத்திப் பாருங்கள். கடைசியாக எஞ்சினை அணைத்துவிட்டு, உங்கள் தந்தையை ஏணியில் இறங்கி ஏறச் சொல்லுங்கள்.