கோவத்துல ஒரே அடி, எஃப்ஐஆர்ல கொலை முயற்சி: மனசுல என்ன இருந்துச்சுன்னு கோர்ட் எப்படி பாக்கும்?

கேள்வி: சார், வரப்பு தகராறுல என் தம்பி எங்க பெரியப்பா மகன மண்வெட்டிக் காம்பால தலையில ஒரு அடி அடிச்சுட்டான். நாலு தையல், ரெண்டு நாள்ல அண்ணன் டிஸ்சார்ஜ் ஆகிட்டாரு. தம்பி அன்னைக்கு குடிச்சிருந்தான். போலீஸ் 109 போட்டு கொலை முயற்சின்னு எழுதிட்டாங்க, பயந்துபோய் சொந்தக்காரங்க வீட்ல இருக்கான். கொல்லணும்னு அவனுக்கு நினைப்பே இல்ல சார். முந்தின வாரம் "உன் கதைய முடிச்சிடுறேன்"னு வாட்ஸ்அப்ல மெசேஜ் போட்டிருக்கான், அத அழிச்சிடலாமா?

பதில்: சகோதரி, அழிக்கவே அழிக்காதீங்க. அது உங்க அண்ணன் போன்லயும் இருக்கும், நீங்க அழிச்சா சாட்சியத்த மறைச்சதா பிஎன்எஸ் (பாரதிய நியாய சன்ஹிதா, இப்ப இருக்கற தண்டனைச் சட்டம்) 238ல உங்க மேலயும் கேஸ் வரும், தம்பிக்கும் அதால ஒரு பிரயோஜனமும் கிடையாது.

இப்ப விஷயத்துக்கு வருவோம். பழைய தண்டனைச் சட்டமான ஐபிசில இருந்த 307தான் இப்ப பிஎன்எஸ் 109, காயம் பட்டிருந்தா ஆயுள் தண்டனை வரைக்கும் போகலாம். அதுல கேக்குற கேள்வி ஒண்ணுதான், அந்த அடியில ஆள் செத்திருந்தா அது கொலையா ஆகியிருக்குமா, அந்த எண்ணத்தோடவோ அல்லது சாவு வரும்னு தெரிஞ்சோ அடிச்சானா? காயம் சின்னதுதானேன்னு மட்டும் சொல்லி தப்பிக்க முடியாது, உயிருக்கு ஆபத்தான காயம் இருந்தே ஆகணும்னு அவசியமில்லன்னு சுப்ரீம் கோர்ட் 1983லயே பல்ராம் பாமா பாட்டீல் கேஸ்ல சொல்லிடுச்சு. அதே மாதிரி "அவன் அப்படிப்பட்ட பையன் இல்ல சார்"னு நீங்க எத்தன தடவ சொன்னாலும் கோர்ட்ல அதுக்கு பெரிய எடை கிடையாது, மனசுக்குள்ள யாரும் எட்டிப் பாக்க முடியாதுங்கறதால கை என்ன செஞ்சுதுன்னுதான் பாப்பாங்க, எதால அடிச்சான், எங்க அடிச்சான், எத்தன அடி, விழுந்த பிறகும் அடிச்சானா, யாராவது தடுத்ததால நின்னானா இல்ல அவனே நின்னானா.

உங்க கேஸ்ல தலையில அடிச்சது பாதகம், அத மறைக்க முடியாது. ஆனா ஒரே அடி, அவனாவே நின்னுட்டான்னா அது பெரிய சாதகம். இன்னொண்ணு ரொம்ப முக்கியம், புகார்ல "மண்வெட்டியால வெட்டினான்"னு இருக்கா "காம்பால அடிச்சான்"னு இருக்கான்னு பாருங்க. இரும்போட கூர் பக்கம் வெட்டியிருந்தா உண்ட் சர்டிபிகேட்ல (காயச் சான்றிதழ்) இன்சைஸ்டு உண்டுன்னு (வெட்டுக் காயம்) டாக்டர் எழுதியிருப்பாரு, கட்டை பட்டு தோல் கிழிஞ்சிருந்தா லேசரேட்டட்னு இருக்கும், உங்க தம்பி எந்தப் பக்கத்தால அடிச்சான்னு காட்ட இந்த ஒரு வார்த்தை ரொம்ப உதவும். ஜிஎச்ல போன உடனே போடற ஏஆர் (ஆக்சிடென்ட் ரிஜிஸ்டர், காயத்தோட வந்தவர பத்தின பதிவு) காப்பியில உங்க அண்ணன் முதல் வாயா என்ன சொன்னாருன்னும் பாக்கணும், "தெரிந்த நபர் கட்டையால் தாக்கியதாக"ன்னு இருந்தா பின்னாடி வந்த புகார்ல வெட்டினான்னு மாறினது குறுக்கு விசாரணையில அடிபடும்.

குடிச்சிருந்தான்ங்கறத தயவுசெஞ்சு டிஃபென்ஸா நம்பாதீங்க. 1956ல பஸ்தேவ்னு ஒரு ரிட்டயர்டு ஜமேதார் (ராணுவ அதிகாரி) கேஸ், கல்யாண சாப்பாட்டுல தள்ளி உக்காருன்னு சொல்லி நகராத பையன துப்பாக்கியால வயித்துல சுட்டுட்டாரு, நல்ல போதை, ஆனா நடக்க முடிஞ்சுது, பேச முடிஞ்சுது, ஓடப் பாத்தாரு, அதனால கொலைதான்னு சுப்ரீம் கோர்ட் உறுதி பண்ணுச்சு. தானா குடிச்சவனுக்கு தெளிவா இருக்கறவனுக்கு உள்ள அறிவு இருந்ததாவே சட்டம் எடுத்துக்கும்.

உண்மையான பிடி எங்கன்னா, திட்டமில்லாம திடீர் சண்டையில நடந்தா அது கொலையாகாதுங்கற விதிவிலக்குல. தண்ணி கட்ட கையில மண்வெட்டியோட நின்னவன் வாய்த்தகராறு முத்தி அதாலயே அடிச்சானா, இல்ல வீட்டுக்குப் போய் எடுத்துட்டு வந்தானா? நானாவதி கேஸ்ல கடற்படை ஆபீசர் கப்பலுக்குப் போய் ரிவால்வர் வாங்கிட்டு வந்து மனைவியோட காதலன சுட்டாரு, மனசு ஆற நேரம் இருந்துச்சு, திடீர் கோபம்னு ஏத்துக்க முடியாதுன்னு 1961ல தீர்ப்பு வந்துச்சு. கையில ஏற்கனவே இருந்துச்சுங்கறத பக்கத்து வயல்காரங்க யாராவது சொன்னா கேஸ் 110க்கு (கொலையாகாத மரணத்த விளைவிக்கற முயற்சி) இறங்க வாய்ப்பிருக்கு, காயம் பட்டதால அதிகபட்சம் ஏழு வருஷம், இல்ல வெறும் ஆயுதத்தால காயம்னா 118(1), மூணு வருஷம் வரைக்கும். அந்த மெசேஜ்தான் இதுக்கு எதிரா நிக்கும், அதனால அதுக்கு முன்னாடி பின்னாடி நடந்த பேச்சு முழுசையும் வக்கீல் கிட்ட குடுங்க, ரெண்டு பக்கமும் திட்டிக்கிட்டதா இருந்தா அதோட எடை வேற.

தம்பிய ஒளிஞ்சிருக்க விடாதீங்க, தலைமறைவா இருந்ததையே குற்ற மனசுன்னு பிராசிக்யூஷன் சொல்லும். நாளைக்கே செஷன்ஸ் கோர்ட்ல பிஎன்எஸ்எஸ் (குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 482ல முன்ஜாமீன் போடுங்க, அங்க ஜட்ஜ் முதல்ல கேக்கறது ஆள் டிஸ்சார்ஜ் ஆகிட்டாரா, காயம் சிம்பிளா கிரீவியஸா (கொடுங்காயமா)ன்னுதான். பெரியவங்கள வச்சு அண்ணன்கிட்ட மனசார மன்னிப்பு கேளுங்க, வைத்தியச் செலவ ஏத்துக்கங்க, ஆனா தம்பிய மட்டும் தனியா அவர் வீட்டுக்கு அனுப்பாதீங்க, சாட்சிய மிரட்டினான்னு ஆயிடும். அவர் சமாதானத்துக்கு வந்தா, 109 போட்ட கேஸா இருந்தாலும் காயத்தையும் ஆயுதத்தையும் பாத்து ஹைகோர்ட் ரத்து பண்ணலாம்னு 2014ல நரிந்தர் சிங் தீர்ப்பு வழி விட்டிருக்கு, சார்ஜ் ஷீட் வந்த பிறகு அந்த மனு போடறதுதான் பொதுவா நல்லது.