பையைப் பிள்ளையே கட்டட்டும்

கேள்வி: எங்கள் குழுவில் 14, 15 வயதுப் பிள்ளைகள் 12 பேர். இன்னும் ஆறு வாரத்தில் மலைப்பகுதியில் மூன்று பகல், இரண்டு இரவு நடைப்பயணம், தங்கல் கூடாரத்தில். பயிற்சி பெற்ற வழிகாட்டிகள் இருவர் உடன் வருகிறார்கள். பிள்ளைகளைத் தயார்படுத்தும் பொறுப்பு என்னுடையது. பாதிப் பேர் வெட்டவெளியில் ஓர் இரவுகூடப் படுத்ததில்லை. பெற்றோரோ, ‘என்னென்ன வாங்க வேண்டும், பட்டியல் கொடுங்கள்’ என்று துளைக்கிறார்கள். எங்கிருந்து தொடங்குவது?

பதில்: பட்டியலைக் கொஞ்ச நாள் தள்ளிப்போடுங்கள். இப்போதே கொடுத்தால் பெற்றோர் கடைக்கு ஓடுவார்கள், பை நிரம்பும், பிள்ளை மட்டும் அப்படியே இருக்கும்.

இன்றைக்கு வாங்க வேண்டியது ஷூ ஒன்றுதான். சாயங்காலம் போய் வாங்கச் சொல்லுங்கள். பகலெல்லாம் நடந்த கால் சற்று வீங்கியிருக்கும். நடைக்குப் போடப்போகிற அதே சாக்ஸோடு போட்டுப் பார்க்க வேண்டும். பெருவிரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலத்துக்கு இடம் வேண்டும். இல்லையென்றால் இறக்கத்தில் விரல்கள் போய் இடித்து நகம் கறுத்துவிடும். இந்த ஆறு வாரமும் அந்த ஷூ காலில் இருக்கட்டும்.

நடைப்பயிற்சியைப் படிப்படியாக ஏற்றுங்கள். முதல் வாரம் வெறுங்கையோடு 8 கிலோமீட்டர். இரண்டாவது, மூன்றாவது வாரங்களில் 4, 5 கிலோ சுமையோடு 10 முதல் 12 கிலோமீட்டர். நான்காவது வாரம் முழுப் பையோடு அரை நாள் நடை, அன்று இரவு மைதானத்தில் கூடாரம். ஐந்தாவது வாரம் ஓர் இரவு ஒத்திகைப் பயணம். கடைசி வாரம் லேசான நடை மட்டும். விட்டதைப் பிடிக்கிறேன் என்று அந்த வாரம் ஓடவிட்டால் வலித்த காலோடுதான் கிளம்புவார்கள்.

இந்த நடைகளில் கொப்புளத்தைப் பற்றிச் சொல்லிக்கொடுங்கள். கொப்புளம் திடீரென்று வருவதில்லை. முதலில் குதிகாலில் ஒரு காசு அளவுக்குச் சூடு தெரியும், தோல் சிவக்கும். அந்த நிமிடமே நின்று, சாக்ஸைக் கழற்றி, ஈரத்தைத் துடைத்து, சுருக்கமில்லாமல் பிளாஸ்திரி ஒட்டினால் அதோடு முடிந்தது. பிளாஸ்திரியின் மூலைகளை வட்டமாக வெட்டி ஒட்டுங்கள். கூர்மூலைதான் முதலில் உரிந்து சுருண்டு, தானே தோலைத் தேய்க்கும். ஆனால் பிள்ளைகள் வாய் திறக்க மாட்டார்கள், தன்னால் எல்லோரும் நிற்க வேண்டியிருக்குமே என்ற கூச்சம். அதனால் கிளம்பி அரை மணி நேரத்தில் கேட்காமலே எல்லோரையும் உட்காரவைத்து ஷூவைக் கழற்றச் சொல்லுங்கள்.

அடுத்தது பை. சுமை உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்குள் இருந்தால் நல்லது. கால் பங்கைத் தாண்டவே கூடாது. 45 கிலோ எடையுள்ள பிள்ளைக்கு 9 கிலோ. இதில் தண்ணீரும் அடக்கம். ஒரு லிட்டர் ஒரு கிலோ என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். எடை மெஷினில் பையோடு ஒரு தடவை, பையில்லாமல் ஒரு தடவை ஏற்றிப் பாருங்கள். கூடாரத்தைத் துணி, கம்பி, மேல்விரிப்பு என்று பிரித்துச் சுமக்கலாம். ஆளுக்குச் சமமாக அல்ல, உடம்புக்குத் தகுந்தபடி.

பையை மாட்டுவதற்கும் வரிசை உண்டு. எல்லாப் பட்டைகளையும் தளர்த்திவிட்டு மாட்ட வேண்டும். முதலில் இடுப்புப் பட்டை: அது வயிற்றில் அல்ல, இடுப்பெலும்பின் மேல்விளிம்பில் உட்கார வேண்டும். அதை இறுக்கிய பிறகு தோள் பட்டைகள், பிறகு தோளுக்கு மேலே இருக்கும் சிறு பட்டைகள், கடைசியில் மார்புப் பட்டை. சரியாக மாட்டியிருந்தால் தோள் பட்டையைச் சற்றுத் தளர்த்தினாலும் சுமை இடுப்பிலேயே நிற்கும். ‘தோள் வலிக்குது’ என்று வருகிற பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு இடுப்புப் பட்டை தொளதொளவென்று இருக்கும்.

உள்ளே முதலில் கனமான பிளாஸ்டிக் பை ஒன்றை விரித்து, அதற்குள்தான் எல்லாம். மேலே போடும் மழையுறையை மட்டும் நம்பினால், முதுகு வழியாக வழிகிற தண்ணீர் உள்ளே போய்விடும். ஸ்லீப்பிங் பேக் அடியில், கனமானவை முதுகை ஒட்டி நடுவில், மழைச்சட்டை எல்லாவற்றுக்கும் மேலே. கட்டுவது பிள்ளையின் வேலை. அம்மாவோ அப்பாவோ தொடக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். ஒத்திகையில் கண்ணைக் கட்டிவிட்டு, ‘டார்ச்சை எடு’ என்று சொல்லிப் பாருங்கள். வேறொருவர் கட்டிய பையென்றால் பாதிச் சாமான் தரையில் கிடக்கும். மழை இரவில் அதே காட்சி என்றால் ஸ்லீப்பிங் பேக்கும் நனைந்திருக்கும்.

கூடாரத்தைப் பகலில் ஒரு தடவை, இருட்டில் ஒரு தடவை, வாளித் தண்ணீரை மேலே ஊற்றிக்கொண்டே ஒரு தடவை போடச் சொல்லுங்கள். சிரித்துக்கொண்டே கற்றுக்கொள்வார்கள். வாசல் காற்று வரும் பக்கத்தைப் பார்க்கக் கூடாது, மேலே காய்ந்த கிளை கூடாது, வறண்ட ஓடைப் படுகை கூடவே கூடாது. காலையில் உட்புறம் ஈரமாக இருந்தால் ‘ஒழுகுது’ என்பார்கள்; அது அவர்கள் மூச்சின் ஈரம், காற்றுத் திறப்பை மூடிவிட்டுப் படுத்ததால் வந்தது. படுக்கும்போது குளிர் தரையிலிருந்துதான் ஏறும். ஸ்லீப்பிங் பேக்கின் அடிப்பக்கம் உடல் எடையில் நசுங்கிப்போவதால் அங்கே சூடு தங்காது. ஆகவே இரண்டாவது போர்வையைவிட அடியில் விரிக்கும் பாய் முக்கியம். இரவு உடை ஒரு ஜோடி தனியாக, அதைப் போட்டு நடக்கவே கூடாது. மறுநாள் காலையில் நேற்றைய ஈரச் சட்டையைத்தான் மாட்ட வேண்டும். முகம் சுளிப்பார்கள், விட்டுக்கொடுக்காதீர்கள்.

அடுப்பில்தான் நிஜமான ஆபத்து. ஸ்பிரிட் அடுப்பின் தீ வெயிலில் கண்ணுக்கே தெரியாது. அணைந்துவிட்டது என்று நினைத்து மறுபடி ஊற்றுகிறபோதுதான் தீ பாயும். மூடி போட்டு அணைத்து, கை வைத்தால் சூடே தெரியாத அளவுக்கு ஆறிய பிறகுதான் ஊற்ற வேண்டும். கேஸ் டப்பாவை மாற்றுவது எந்தத் தீயிலிருந்தும் விலகி, வெளியில். மழை கொட்டினாலும் கூடாரத்துக்குள் அடுப்பு கிடையாது. தீ ஒரு பக்கம், வாசனையே இல்லாத கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயு மறுபக்கம். இன்னொன்று, அடுப்பு முன்னால் சம்மணம் போட்டு உட்காரவிடாதீர்கள். கொதிநீர் கவிழ்ந்தால் நேராக மடியில்தான் விழும், சட்டென்று எழவும் முடியாது. குந்தியிருந்தால் பின்னால் நகர்ந்துவிடலாம்.

நேரக் கணக்கைப் பிள்ளைகளே போடட்டும். 1892-இல் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி வகுத்த கணக்கு, மணிக்கு 5 கிலோமீட்டர், 600 மீட்டர் ஏற்றத்துக்குக் கூடுதலாக ஒரு மணி நேரம் என்று போகும். சுமை தூக்கிய பிள்ளைகளுக்கு அது ஒத்துவராது. மணிக்கு 3 கிலோமீட்டர், 100 மீட்டர் ஏற்றத்துக்கு 10 நிமிடம், மணிக்குப் பத்து நிமிட ஓய்வு என்று வையுங்கள். 12 கிலோமீட்டர், 500 மீட்டர் ஏற்றம் என்றால் ஐந்தரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஓய்வில் ஒரு அநியாயம் நடக்கும், கவனியுங்கள்: முன்னால் போனவர்கள் உட்கார்ந்து இளைப்பாறுவார்கள், கடைசியில் வருகிற பிள்ளை வந்து சேர்ந்ததும் எல்லோரும் எழுந்துவிடுவார்கள். அந்தப் பிள்ளை வந்த பிறகுதான் பத்து நிமிடம் தொடங்க வேண்டும்.

12 பேரையும் ஆறு ஆறாகப் பிரியுங்கள். எந்த நேரத்திலும் நாலு பேருக்குக் குறையக்கூடாது: ஒருவருக்கு அடிபட்டால் ஒருவர் துணைக்கு இருக்க, இருவர் உதவி தேடிப் போகலாம். வழி தவறினால் சிதறாமல் நிற்பது, விசிலை ஒரு நிமிடத்தில் ஆறு தடவை ஊதி, ஒரு நிமிடம் விட்டு மறுபடி ஊதுவது. இதை நிஜமாகவே ஊதிப் பழக்குங்கள்.

மருத்துவப் படிவத்தில் எல்லாமே வராது. படுக்கையில் சிறுநீர் போவது, தூக்கத்தில் நடப்பது, மாதவிடாய் பற்றிய கவலை ஆகியவற்றைத் தனியாகக் கூப்பிட்டுக் கேளுங்கள். கழிப்பறைப் பேச்சையும் வெட்கப்படாமல் பேசிவிடுங்கள்: நீர்நிலையிலிருந்து 60 மீட்டராவது தள்ளி, 15 முதல் 20 சென்டிமீட்டர் ஆழக் குழி, பிறகு மூடிவிடுவது. பேசாமல் விட்டால், வெளியில் போகக் கூச்சப்பட்டுத் தண்ணீரே குடிக்காமல் மதியம் தலைவலியோடு உட்காருவார்கள். இன்ஹேலர் அந்தப் பிள்ளையின் இடுப்புப் பையிலேயே இருக்கட்டும், உபரி ஒன்று வழிகாட்டியிடம். குளிரில் ஒரு பிள்ளை பேச்சைக் குறைத்து, தடுமாறி நடந்தால் ‘நல்லா இருக்கியா’ என்று கேட்பதில் பயனில்லை, ‘ம்’ என்றுதான் பதில் வரும். சட்டை ஜிப்பை மூடச் சொல்லுங்கள். விரல் ஒத்துழைக்கவில்லை என்றால் அங்கேயே நிறுத்தி, காற்று படாத இடத்தில் ஈர உடையை மாற்றி, இனிப்பாக ஏதாவது சாப்பிடக் கொடுங்கள். வழிகாட்டியிடம் உடனே சொல்லுங்கள்.

ஒத்திகை முடிந்து திரும்பியதும் ஒவ்வொரு பிள்ளையும் பையைக் கொட்டி மூன்று குவியலாகப் பிரிக்கட்டும்: பயன்பட்டது, தொடவே இல்லாதது, இல்லாமல் திண்டாடியது. இரண்டாவது குவியலில் முதலுதவிப் பொருளும் மழைச்சட்டையும் டார்ச் பேட்டரியும் தவிர மற்றதெல்லாம் வீட்டிலேயே இருக்கலாம். மூன்றாவது குவியலைத் தாளில் எழுதவைத்துப் பெற்றோரிடம் கொடுத்தனுப்புங்கள். அவர்கள் கேட்ட பட்டியல் அதுதான்.