ஸ்கேன்ல ஒண்ணுமில்ல, ஆனா ஸ்கூல் கிளம்பும்போது மட்டும் வயித்து வலி: 14 வயசு பொண்ணுக்கு என்ன பண்றது?

தர்மபுரி மாவட்டம் பாலக்கோடு பக்கம் ஒரு கிராமத்துல இருந்து ஒரு அம்மா கேட்டிருக்காங்க: "எம் பொண்ணு ஒம்பதாவது படிக்கிறா. ஆறு மாசமா காலைல எழுந்தா வயித்த வலிக்குதுன்னு சுருண்டு படுத்துக்குறா, வாரத்துல ரெண்டு நாளாச்சும் லீவு. ஸ்கேன், யூரின் டெஸ்ட் எல்லாம் எடுத்தாச்சு, ஒண்ணும் இல்லன்னுட்டாங்க. பத்து மணிக்கு மேல நல்லாயிடுறா. ராத்திரி பன்னெண்டு வரைக்கும் போன். எதாச்சும் கேட்டா எரிஞ்சு விழுறா, போட்டோ எடுத்தா வாய கையால மூடிக்கிறா. அவங்க அப்பாவுக்கு பெங்களூர்ல சென்ட்ரிங் வேலை, மாசத்துக்கு ரெண்டு தடவ வருவாரு, போன தடவ நடிக்கிறான்னு சொல்லி அடிச்சுட்டாரு. மாமியார் மந்திரிக்கணும்ங்கறாங்க, நாத்தனார் படிப்ப நிறுத்தி மாப்பிள்ள பாருங்கறாங்க. இது உடம்பு பிரச்சனையா, மனசா, இல்ல திமிரா?"

அம்மா, உங்க பொண்ணுக்கு நிஜமாவே வலிக்குது. ஸ்கேன்ல கல்லு, கட்டி, வீக்கம் இதெல்லாம் தான் தெரியும், வலி தெரியாது. மனசுல பயம் வந்தா உடம்புல அட்ரினலின், கார்டிசால்ங்கற ஹார்மோன் எல்லாம் ஏறும், மூளைக்கும் குடலுக்கும் நடுவுல வேகஸ்னு ஒரு பெரிய நரம்பும் ஓடுது, இதனால வயிறு பிசையும், குமட்டும், இழுத்து பிடிக்கும். பரீட்சை அன்னிக்கு நமக்கு வயித்த கலக்குறதும் இதே வழியில தான். அதுவும் கார்டிசால் எல்லாருக்குமே காலைல தூங்கி எழுந்த உடனே கூடுதலா இருக்கும், அதோட ஸ்கூல் பயமும் சேர்ந்தா காலை நேரம் தான் ரொம்ப மோசமா இருக்கும்.

அடுத்து அவ என்ன பண்றா, லீவு போடுறா. போட்ட உடனே பயம் இறங்குது, பத்து மணிக்கு வலியும் போயிடுது. பாக்குறவங்களுக்கு இது நடிப்பு மாதிரி தெரியும். ஆனா அங்க நடக்கறது என்னன்னா, வீட்ல இருந்தா தப்பிச்சோம்னு மூளை கத்துக்குது, அதனால மறுநாள் காலைல வலி இன்னும் சீக்கிரமா, இன்னும் பலமா வருது, அவ திட்டம் போட்டு பண்றதில்ல. உடம்பு மனச தள்ளுது, மனசு நடத்தைய தள்ளுது, நடத்தை திரும்ப உடம்ப தள்ளுது, நீங்க கேட்ட மூணும் ஒரே வட்டத்துல தான் சுத்துது. ஜார்ஜ் எங்கல்னு ஒரு அமெரிக்க டாக்டர் 1977லயே இத எழுதிட்டாரு, நோய உடம்ப மட்டும் வச்சு பாக்காதீங்க, மனசு, வீடு, சுத்தி இருக்கவங்க எல்லாத்தையும் சேர்த்து பாருங்கன்னு. அதனால எதுல ஆரம்பிச்சுதுன்னு தேடி மண்டைய உடைச்சிக்க வேணாம், எந்த இடத்துல லேசா வெட்டி விடலாம்னு பாக்கலாம்.

லேசானது தூக்கம். வயசுக்கு வந்த பிள்ளைங்களுக்கு தூக்கம் வர வைக்கிற மெலடோனின் ராத்திரி லேட்டா தான் சுரக்க ஆரம்பிக்கும், அதனால பத்து மணிக்கு தூக்கம் வரலன்னு சொன்னா அது பொய் இல்ல. ஆனா இந்த வயசுக்கு 8ல இருந்து 10 மணி நேரம் தூக்கம் வேணும், டவுன் பஸ்ஸ பிடிக்க காலைல சீக்கிரம் எழுந்தாகணும், நடுவுல போன் வேற. தூக்கம் குறைஞ்சா கோபம், பயம் எல்லாம் கூடும், வலியும் பெருசா தெரியும். உணர்ச்சி பொங்குற மூளைப் பகுதி இந்த வயசுல ரொம்ப வேகமா இருக்கும், நிதானிச்சு யோசிக்கிற முன் மூளை 25 வயசு பக்கம் தான் முழுசா முதிரும், தூக்கமும் இல்லன்னா அந்த கொஞ்ச நிதானமும் போயிடும். போன பிடுங்காதீங்க, சண்டை தான் வரும். வீட்ல எல்லார் போனும் பத்து மணிக்கு ஹால்ல சார்ஜ் போடணும்னு வைங்க, உங்க போனும் சேர்த்து தான்.

ரெண்டாவது ரத்தம். ஹீமோகுளோபின் டெஸ்ட் எடுத்தீங்களான்னு நீங்க எழுதல. 2019-21 தேசிய குடும்ப நல கணக்கெடுப்புல 15ல இருந்து 19 வயசு பொண்ணுங்கள்ல 59 சதவீதம் பேருக்கு ரத்த சோகை. ஹீமோகுளோபின் 12 கிராமுக்கு கீழ இருந்தா ரத்த சோகை தான், சோர்வு, எரிச்சல், படிப்புல கவனம் நிக்காதது இதுக்கெல்லாம் அதுவும் ஒரு காரணமா இருக்கும். ஆரம்ப சுகாதார நிலையத்துலயே பாத்துடலாம். ஸ்கூல்ல வாரா வாரம் குடுக்கற நீல கலர் இரும்பு சத்து மாத்திரைய முழுங்குறாளான்னு கேளுங்க, நிறைய பிள்ளைங்க குமட்டுதுன்னு தூக்கி போட்டுடறாங்க, சாப்பிட்டப்புறம் போட்டா அவ்வளவா குமட்டாது. சாப்பாட்டோட சேர்த்து டீ குடிக்கற பழக்கம் இருந்தா நிறுத்துங்க, இரும்பு சத்து உடம்புல சரியா சேராது.

இப்ப எனக்கு ரொம்ப உறுத்துற விஷயத்துக்கு வரேன், அந்த வாய மூடிக்கறது. நம்ம தர்மபுரி, கிருஷ்ணகிரி ரெண்டு மாவட்டத்துலயும் போர் தண்ணில ஃபுளோரைடு ஜாஸ்தி, ஒகேனக்கல் கூட்டு குடிநீர் திட்டம் வந்ததே அதுக்காகவும் தான். சுமார் எட்டு வயசுக்குள்ள, ஈறுக்கு உள்ள பல்லு உருவாகும்போது அந்த தண்ணிய குடிச்சிருந்தா பல்லு பழுப்பு கறையோட முளைக்கலாம். பிரஷ்ஷால எத்தன தடவ தேய்ச்சாலும் போகாது, அவ பல்லு விளக்கலன்னு அர்த்தமும் இல்ல. ஆனா ஸ்கூல்ல கூட படிக்கிறவங்க சொல்ற ஒரு வார்த்தை இந்த வயசுல வாழ்க்கையே போன மாதிரி வலிக்கும், பெரியவங்க நாம ஒரு மணி நேரத்துல மறந்துடற கிண்டல அவங்க மாசக்கணக்குல தூக்கிட்டு திரிவாங்க. உங்க பொண்ணுக்கு பல்லுல கறை இருந்தா, அது கிண்டலாகி, அந்த பயம் தான் காலைல வயித்துல வந்து நிக்குதான்னு பாக்கணும். பல் டாக்டர் கிட்ட கூட்டிட்டு போங்க, லேசான கறைய மேலாப்புல தேய்ச்சே எடுக்கலாம், ஆழமா இருந்தா பல் கலர்லயே மேல பூச்சு வைக்கலாம். இது அழகுக்கு பண்ற வீண் செலவு இல்லம்மா, இதுவும் வைத்தியம் தான்.

ஆனா பல்லு தான் காரணம்னு நானே முடிவு பண்ணிட கூடாது. அதுக்கு ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். ரெண்டு வாரம் தினமும் எழுதுங்க: எத்தன மணிக்கு தூங்குனா, எப்ப எழுந்தா, காலைல சாப்பிட்டாளா, வலி எத்தன மணிக்கு வந்துச்சு, எப்ப போச்சு, அன்னிக்கு ஸ்கூல் உண்டா லீவா, மாத விலக்கு தேதி, முந்தின நாள் வீட்லயோ ஸ்கூல்லயோ எதாச்சும் நடந்துச்சா. திருட்டுத்தனமா எழுத வேணாம், அவ கிட்ட சொல்லிட்டே எழுதுங்க, அவளே எழுதுனா இன்னும் நல்லது. ஞாயித்துக்கிழமை வலி வருதான்னு பாருங்க. குறிப்பிட்ட பாடம் இருக்க அன்னிக்கு மட்டும் வருதா, அப்பா வந்துட்டு போன மறுநாள் கூடுதா, பஸ்ல போற அன்னிக்கு மட்டும் வருதா? பஸ்லயோ வழியிலயோ எவனாச்சும் தொந்தரவு பண்றானான்னு கண்டிப்பா கேளுங்க, இத பிள்ளைங்க தானா சொல்லவே மாட்டாங்க.

கேக்குறதுக்கும் ஒரு முறை இருக்கு. எதிர்ல உக்கார வச்சு விசாரிச்சா வாயே திறக்க மாட்டா. நிலக்கடலை உரிக்கும்போதோ துணி மடிக்கும்போதோ பக்கத்துல உக்காந்துட்டு, "வலி நிஜம்னு எனக்கு புரியுது பாப்பா, எதுன்னு ரெண்டு பேருமா பாத்துக்கலாம்"னு சொல்லிட்டு விட்டுடுங்க. பதில் அன்னிக்கே வராது, காத்திருங்க.

ஸ்கூல முழுசா நிறுத்திடாதீங்க, நிறுத்துனா அந்த வட்டம் இன்னும் இறுகிடும். வகுப்பு டீச்சர் கிட்ட பேசி முதல் வாரம் பாதி நாள், வலி வந்தா ஓய்வெடுக்க ஒரு இடம்னு படிப்படியா கூட்டிட்டு வாங்க. வீட்ல இருக்கற அன்னிக்கு டிவியும் போனும் ஸ்கூல் நேரத்துல வேணாம், அத தண்டனையா சொல்லாம வழக்கமா வச்சுடுங்க.

வலி தூக்கத்துல இருந்து எழுப்புது, எடை குறையுது, காய்ச்சல், மலத்துல ரத்தம்னா மறுபடி டாக்டர் கிட்ட உடனே போகணும். ரெண்டு வாரத்துக்கு மேல எதுலயும் ஆசை இல்லாம இருக்கா, கைய கீறிக்கிறா, செத்துடலாம்னு பேசுறான்னா ஒரு நாள் கூட தள்ளாதீங்க. அப்படி எண்ணம் வருதான்னு நேரா கேட்டா அந்த எண்ணத்த நாம விதைக்கற மாதிரி ஆகாது, பல பிள்ளைங்களுக்கு கேட்டதே பாரம் இறங்குன மாதிரி இருக்கும். 14416க்கு போன் பண்ணுங்க, அது டெலி மானஸ்ங்கற அரசோட மனநல உதவி எண், எந்நேரமும் இலவசம், தமிழ்லயே பேசலாம். தர்மபுரி அரசு மருத்துவக்கல்லூரி மருத்துவமனைக்கு போனா மனநல டாக்டர பாக்கலாம், போகும்போது அந்த நோட்டையும் எடுத்துட்டு போங்க.

மாமியார் மந்திரிக்கணும்னா கோயிலுக்கு போய் விபூதி வச்சிட்டு வரட்டும், அதுல சண்டை வேணாம், வேப்பிலையால அடிக்கறது, பட்டினி போடறது மட்டும் கூடவே கூடாது. நாத்தனார் சொல்றத கேக்காதீங்க, 18 முடியாம கல்யாணம் பண்றது சட்டப்படி குத்தம், பயத்துல இருக்க பிள்ளைய இன்னும் பெரிய பயத்துல தள்றதும் கூட. யாராச்சும் வற்புறுத்துனா குழந்தைங்க உதவி எண் 1098க்கு போன் பண்ணுங்க.

அவங்க அப்பா கிட்ட நீங்க தனியா, அவர் ஊருக்கு வரதுக்கு முன்னாடியே போன்ல இதெல்லாம் சொல்லிடுங்க. அடிச்சா வலி நிக்காது, வலிய மறைக்க தான் கத்துக்குவா. வந்ததும் அவர் மகள பாத்து "நான் அடிச்சது தப்பு பாப்பா"ன்னு சொல்லட்டும், அதுக்கப்புறம் ஸ்கூல பத்தி அன்னிக்கு ஒரு வார்த்தையும் பேச வேணாம்.