குழாய் பதிக்கத் தோண்டும் பள்ளத்தில் மண் ஏன் திடீரெனச் சரிகிறது?

பள்ளச் சரிவு என்பது, பாதாளச் சாக்கடைக்கோ அடித்தளத்திற்கோ செங்குத்தாக வெட்டிய பள்ளத்தின் பக்கச்சுவர், தனக்கு முட்டாக இருந்த மண் அகற்றப்பட்டதால் தன் எடையாலேயே பெயர்ந்து உள்ளே விழுவது. கரையிலேயே குவித்த மண்ணும், அருகில் ஓடும் ஜேசிபியின் அதிர்வும், மழை ஈரமும் அதை விரைவுபடுத்தும். விளிம்பை ஒட்டி மெல்லிய வெடிப்பு ஒன்று தெரிந்தாலும் உள்ளே இருப்பவரை உடனே மேலேற்றிவிட வேண்டும். ஒரு கன மீட்டர் மண் விழுவது, 50 கிலோ அரிசி மூட்டைகள் முப்பதுக்கு மேல் ஒருசேர விழுவதற்குச் சமம் என்பதால், 1.5 மீட்டருக்கு மேல் ஆழமான மண் பள்ளங்களுக்குப் பலகை அடைத்து முட்டுக் கொடுக்க வேண்டும் என்கிறது இந்தியத் தர நியமம் ஐ.எஸ். 3764. பலகைச் செலவையோ அரைநாள் தாமதத்தையோ காட்டி இதைத் தவிர்ப்பதை ஏற்கவே முடியாது. தலை வெளியே இருந்தால் ஆபத்தில்லை என்று பலர் நம்புகிறார்கள். ஆனால் மார்பளவு மண் நெருக்கினாலே நெஞ்சுக்கூடு விரிய முடியாமல் மூச்சு நின்றுவிடக்கூடும்.